சுவர் நிறைய சார்ட் ஒட்டினால் பாடம் பதியுமா?

குடியாத்தம் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை கேட்ட கேள்வி இது: வகுப்புச் சுவர் முழுக்க சார்ட் ஒட்டியிருக்கிறேன், புரொஜக்டரிலும் படம் போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள். ஆனால் தேர்வில் பழைய மதிப்பெண்தான் வருகிறது. படம் வைத்து நடத்துவதால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை நேரமும் கைக்காசும் வீணா?

டீச்சர், உங்களை உறுத்துவது என்னவென்று எனக்குப் புரிகிறது. பிள்ளைகளுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, அப்படியிருந்தும் ஏன் பதியவில்லை? இதற்கு 'படம் நல்லது' என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க முடியாது. எந்தப் படம், எந்தப் பாடத்துக்கு, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்தது என்று மூன்றையும் பார்த்தால்தான் விடை வரும். மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் பெரியது என்பது என் கருத்து. நான் அறிவியல் ஆசிரியராகத் தொடங்கி, பிறகு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு பக்கத்துப் பள்ளிகளில் பல வருடம் வகுப்புகளின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன். அந்தப் பழக்கத்தையும் இது பற்றி நடந்த ஆய்வுகளில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. மனிதருக்குப் படம் நன்றாக நினைவில் நிற்கும், இதில் சந்தேகமே இல்லை. 1967ல் ரோஜர் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 600க்கும் மேற்பட்ட படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, பிறகு பார்த்த படத்தையும் பார்க்காத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள். சொற்களை வைத்து அதே மாதிரி செய்தபோது அந்த அளவு வரவில்லை. இதற்குக் காரணம் சொன்னவர்களில் கனடாவைச் சேர்ந்த ஆலன் பைவியோ முக்கியமானவர். சொல் ஒரு வழியாகவும் உருவம் இன்னொரு வழியாகவும் மனதில் பதிகின்றன, இரண்டு வழியிலும் பதிந்த விஷயத்தை எடுப்பது எளிது என்பது 1971ல் அவர் விரிவாக எழுதிய கொள்கை. அதன் நுணுக்கங்களில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் பொருத்தமான படமும் சொல்லும் சேர்ந்து வந்தால் சொல் மட்டும் வருவதைவிட நன்றாகப் பதிகிறது என்பது திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஷெப்பர்ட் கேட்டது 'இதைப் பார்த்தாயா' என்ற கேள்வி. நம் தேர்வு கேட்பது 'இது எப்படி நடக்கிறது, விளக்குக' என்ற கேள்வி. பார்த்ததை அடையாளம் காண்பது வேறு திறமை, இல்லாத இடத்தில் நினைவிலிருந்து எடுத்து விளக்குவது வேறு திறமை. சுவரில் தினமும் பார்க்கும் சார்ட் முதல் திறமையைத்தான் வளர்க்கிறது. 'எனக்குத் தெரியும் மிஸ், அந்தப் படம்தானே' என்று பிள்ளை சொல்லும், உண்மையாகவே தெரியும் என்றும் நினைத்துக்கொண்டிருக்கும். எழுதச் சொன்னால் நிற்கும். உங்கள் மதிப்பெண் அசையாததற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து, பயிற்சிகளில் நாம் எல்லோருமே கேட்ட ஒரு விஷயத்தைக் கைவிடச் சொல்கிறேன். படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20 சதவீதம், பார்த்ததில் 30 சதவீதம் நினைவில் நிற்கும் என்று ஒரு கூம்புப் படம் பி.எட். குறிப்பேடுகளிலிருந்து பணியிடைப் பயிற்சி ஸ்லைடு வரைக்கும் வரும். கூம்பை வரைந்தவர் எட்கர் டேல். 1946ல் அவர் வெளியிட்ட கூம்பில் எண் எதுவுமே கிடையாது. சதவீதங்கள் பின்னால் வேறு யாரோ சேர்த்தவை, அவற்றுக்கு ஆய்வு ஆதாரம் இல்லை. அதே மாதிரி, 'இந்தப் பிள்ளை பார்த்துக் கற்கும் வகை, அந்தப் பிள்ளை கேட்டுக் கற்கும் வகை' என்று பிரித்து, வகைக்கு ஏற்ப நடத்தினால் பலன் கூடும் என்பதற்கும் நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2008ல் ஹரால்ட் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். பூவின் பாகங்களுக்கு எல்லாப் பிள்ளைக்கும் படம் வேண்டும். பாட்டுக்கு எல்லாப் பிள்ளைக்கும் காது வேண்டும். முடிவு செய்வது பாடம்தான், பிள்ளையின் 'வகை' கிடையாது.

எந்தப் படம் உதவுகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. ரிச்சர்ட் மேயரும் ஜோன் கலினியும் 1990ல் சைக்கிள் பம்ப், பிரேக் மாதிரியான கருவிகள் வேலை செய்யும் விதத்தைப் படங்களோடு படிக்கக் கொடுத்தார்கள். பாகங்களின் பெயர் மட்டும் குறித்த படம் சிலருக்கு, நடக்கும் படிகளை மட்டும் சொன்ன படம் சிலருக்கு, இரண்டும் சேர்ந்த படம் சிலருக்கு. இரண்டும் சேர்ந்த படம்தான் விளக்கும் திறனையும் புதுக் கேள்விக்கு விடை யோசிக்கும் திறனையும் கூட்டியது. அதுவும், விஷயம் முன்பே அதிகம் தெரியாதவர்களுக்குத்தான் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. நம் சார்ட்டுகளை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் 'பாகங்களைக் குறி' வகைதான். இது புல்லி, இது அல்லி, இது மகரந்தப்பை. மகரந்தம் எங்கிருந்து எங்கே போகிறது, போன பிறகு சூலகத்துக்கு என்ன ஆகிறது என்பது படத்தில் இருக்காது, பக்கத்துப் பத்தியில் இருக்கும். தேர்வில் கேட்பது அந்தப் பத்தியைத்தான்.

பூவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செம்பருத்தி கிடைக்கும் ஊரில் பூவின் சார்ட்டில் பாடம் தொடங்கக் கூடாது. ஆளுக்கொரு பூவைக் கொடுத்து, நீளவாக்கில் கீறிப் பார்க்க வைத்து, அப்புறம் படத்துக்கு வாருங்கள். கையில் இருக்கும் பூவையும் படத்தையும் பொருத்திப் பார்க்கிற அந்த வேலையில்தான் பிள்ளைக்குப் படம் புரியத் தொடங்குகிறது. நேரில் காட்ட முடியாததற்குத்தான் முதலில் படம்: உடம்புக்குள் இருப்பது, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, எட்டாத தூரத்தில் இருப்பது, மெதுவாக நடந்து முடிவது.

பெயர்களை எங்கே எழுதுவது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். அப்படியில்லை. படத்தில் அ, ஆ, இ என்று குறித்துவிட்டு அதற்கான பெயர்களைக் கீழே பட்டியலாகப் போட்டால், பிள்ளையின் கவனம் மேலும் கீழும் அலைவதிலேயே தீர்ந்துவிடும். ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடிய அளவு எல்லோருக்குமே குறைவு. அதைத் தேடுவதில் செலவழித்தால் புரிந்துகொள்ள மிச்சம் இருக்காது. ஜான் ஸ்வெல்லரும் அவர் கூட்டாளிகளும் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பெயர் அந்தந்தப் பாகத்தின் மேலேயே அல்லது ஒட்டியே இருக்கட்டும்.

இனி ஆசிரியர்கள் அதிகம் கவனிக்காத ஒன்றுக்கு வருகிறேன். படத்தைப் படிக்கவும் கற்றுத்தர வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் படம் தானே பேசும் என்று நினைத்துவிடுகிறோம். நீர்ச்சுழற்சிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் அம்புக்குறி நீராவி மேலே போவதைக் காட்டும், இன்னொன்று மழை விழுவதை, இன்னொன்று ஆறு ஓடும் திசையை, மற்றொன்று 'இதற்கு அடுத்து இது' என்ற வரிசையை. நான்கும் ஒரே மாதிரி அம்புகள். செல்லின் படத்தில் அது எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டது என்று சொல்லாவிட்டால் பிள்ளைக்கு அளவே பிடிபடாது. குறுக்குவெட்டுத் தோற்றம் என்றால் எதை, எந்தப் பக்கமாக வெட்டியது என்று ஒரு வெண்டைக்காயை வெட்டிக் காட்டாமல் புரியாது. உயர்நிலைக்குப் போனதும் வரும் இதயப் படத்தில், இதயத்தின் வலப்பக்கம் பார்க்கிறவருக்கு இடக்கைப் பக்கம் இருக்கும். அதை யாராவது ஒரு தடவை சொல்லாவிட்டால், பத்தாம் வகுப்பு வரை மாற்றியே குறித்துக்கொண்டு வருவார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த நீர்ச்சுழற்சிப் படத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. படத்தில் ஆறு என்றால் நீலமாக, கரை தொட்டு ஓடும். வேலூர்ப் பிள்ளை பாலாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது வருடத்தில் பெரும்பாலான நாள் பார்ப்பது மணலும் சீமைக் கருவேலமும். 2021 நவம்பரில் வந்த மாதிரி பெருவெள்ளம் எப்போதோ ஒரு தடவை. அப்படியானால் பாலாறு ஆறு இல்லையா என்று பிள்ளை வாய்விட்டுக் கேட்காது, மனதுக்குள் பாடத்தை ஒரு பக்கமும் ஊரை ஒரு பக்கமும் வைத்துக்கொள்ளும். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கரும்பலகையில் பாலாற்றின் குறுக்குவெட்டு ஒன்று வரையுங்கள்: மேலே மணல், மணலுக்கு அடியில் நீர், கரையில் கிணறு. மணலில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வரும் என்று வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை சொல்லும். நிலத்தடி நீர் என்ற பாடம் அங்கிருந்தே தொடங்கிவிடும். சுமாராக வரைந்தால் போதும், ஓவியம் தேவையில்லை.

எல்லாப் பாடத்துக்கும் படம் பொருந்தாது என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. வேலூர்ப் புரட்சிப் பாடத்துக்குக் கோட்டையின் வண்ணப் படத்தைக் காட்டுவது வழக்கம். அகழி, மதில், எல்லாம் அழகுதான், பாதிப் பிள்ளைகள் நேரிலும் பார்த்திருப்பார்கள். ஆனால் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்பதை அந்தப் படம் சொல்லவே சொல்லாது. தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறி கூடாது என்ற உத்தரவு, தாடி பற்றிய கட்டுப்பாடு, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் குடும்பம், இதையெல்லாம் வாயால் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். ஆனால் அதே பாடத்தில் வேறு ஒரு கேள்விக்கு ஒரு கோட்டுப்படம் அருமையாக உதவும். புரட்சி ஏன் அன்றைக்கே அடக்கப்பட்டது? வேலூர், ஆற்காடு, இடையில் சுமார் 25 கிலோமீட்டர் என்று ஒரு கோடு போட்டு, ஆற்காட்டில் குதிரைப்படை இருந்தது என்று குறியுங்கள். அந்தக் குதிரைப்படையின் ஆங்கிலேயத் தளபதி ஜில்லெஸ்பி காலையிலேயே வந்து சேர்ந்தது எப்படி என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இடம், தூரம், அமைப்பு, வரிசை இவற்றுக்குப் படம் பலம். காரணம், நோக்கம், உணர்வு இவற்றுக்குப் பேச்சும் கதையும்தான்.

உங்கள் சுவர் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா ஃபிஷரும் அவர் குழுவும் 2014ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில பாடங்களைச் சுவர் நிறைய ஒட்டிய அறையிலும், சில பாடங்களை வெறும் சுவர் அறையிலும் நடத்தினார்கள். அலங்கார அறையில் கவனம் அதிகம் சிதறியது. பாடத்தில் கேட்ட கேள்விகளுக்கு வெறும் அறையில் 55 சதவீதமும் அலங்கார அறையில் 42 சதவீதமும் சரியான விடை வந்தது. இதைப் பெரிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 24 பிள்ளைகள், குறுகிய காலம், அந்த அறையும் அவர்களின் சொந்த வகுப்பறை கிடையாது. வருடம் முழுக்க அதே சுவரைப் பார்க்கும் பிள்ளைக்கு அது பழகிவிடலாம். ஆனால் நான் வகுப்புகளில் பார்த்ததும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஜூனில் ஒட்டிய சார்ட் செப்டம்பரில் யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த வாரப் பாடத்துக்கு உரிய இரண்டு மூன்று மட்டும் கரும்பலகைக்குப் பக்கத்தில், மற்றதைச் சுருட்டி வையுங்கள். பிள்ளைகள் வரைந்தவற்றை மாட்டுவது வேறு விஷயம், அதில் அவர்களுக்குக் கிடைக்கும் பெருமைக்காகவே பின்சுவரை அதற்கு விட்டுவிடலாம்.

எழுத்து கற்கும் சின்ன வகுப்புகளில் படம் நேரடியாகவே தடையாகலாம். 'அ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அணில் படம். பிள்ளை அணிலைப் பார்த்து 'அணில்' என்று சொல்லிவிடும், எழுத்தைப் பார்க்கவே தேவையில்லை. நாமும் படித்துவிட்டது என்று தட்டிக்கொடுப்போம். ஜே சாமுவேல்ஸ் என்பவர் 1960களின் கடைசியில் செய்த சோதனைகளில், சொல்லைப் படத்தோடு சேர்த்துக் காட்டியபோது, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் சொல்லைக் குறைவாகக் கற்றார்கள். தீர்வு எளிது: அட்டையின் முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் படம். படித்துவிட்டுத் திருப்பிப் பார்க்கட்டும். இதைப் பின்பற்றிய ஒன்றாம் வகுப்புகளில் ஊகித்துச் சொல்வது வேகமாகக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சொல்லின் பொருள் தெரியாத இடத்தில் நிலைமை தலைகீழ். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு 'அகப்பை', 'ஓடை', 'கூரை' என்ற சொற்களை மொழிபெயர்த்துச் சொல்ல நம்மில் பலருக்கு வராது. அங்கே படம் மிகச் சிறந்த வழி. ஆங்கில வகுப்புக்கும் அதேதான். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும்போது படத்தை மறையுங்கள், பொருள் கற்கும்போது படத்தைக் காட்டுங்கள். ஒரே அட்டையை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தும்போதுதான் குழப்பம் வருகிறது.

புரொஜக்டர் விஷயத்தில் ஆய்வுகளே ஒரே குரலில் பேசவில்லை. அசையும் படம் அசையாப் படத்தைவிடச் சிறந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2002ல் பார்பரா ட்வெர்ஸ்கி குழு சொன்னது. சிறந்தது போலத் தெரிந்த இடங்களில் அசையும் படத்தில் கூடுதல் தகவலும் இருந்தது என்று காட்டினார்கள். பின்னால் 2007ல், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு அசையும் படத்துக்கு நடுத்தர அளவு நன்மை உண்டு என்றது. என் பார்வையில், ஓடும் படத்தின் தொல்லை அது நிற்காததுதான். பிள்ளை முதல் காட்சியை யோசிப்பதற்குள் மூன்றாவது வந்துவிடும். நிறுத்தி, 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேட்டு, பதில் வந்த பிறகு ஓடவிடுங்கள். பின்னணி இசையை அணைத்துவிடுங்கள். திரையில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே வாசிக்காமல், படத்தை மட்டும் வைத்து உங்கள் குரலில் விளக்குங்கள். படத்தோடு பேச்சு சேர்வது, படத்தோடு எழுத்தும் அதே பேச்சும் சேர்வதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது மேயரின் சோதனைகளில் பலமுறை வந்த முடிவு. மொழி சரியாக வராத பிள்ளைகளுக்குத் திரையில் எழுத்தும் இருப்பது உதவும் என்பதால், இதை மட்டும் கண்மூடித்தனமாகப் பின்பற்ற வேண்டாம்.

இவ்வளவிலும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், படத்தைக் காட்டுவதிலிருந்து வரைய வைப்பதற்கு மாறுங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016ல் வெளியான சோதனைகளில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அதை வரைந்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வரையக் கிடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான், அழகாக வரைந்தார்களா என்பது பொருட்டாகவில்லை. அது பெரியவர்களை வைத்துச் சொற்பட்டியலில் செய்தது, ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வகுப்பில் நான் பார்த்த பலன் அதைவிடக் கூடுதல், ஏனென்றால் வரைந்த தாளில் பிள்ளையின் தவறான எண்ணம் அப்படியே தெரிந்துவிடும். 'சாப்பாடு எங்கே போகிறது, வரை' என்றால், வாயிலிருந்து ஒரு குழாய், கீழே ஒரு பை, அதோடு முடித்துவிடும் பிள்ளைகள் பாதிப் பேர். குடல் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் தெரியவராத அந்த இடைவெளி ஒரே தாளில் வெளியே வந்துவிடும்.

நடைமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். அச்சடித்த சார்ட்டை முதலிலேயே மாட்டாமல், கரும்பலகையில் ஒவ்வொரு பாகமாகப் பேசிக்கொண்டே வரையுங்கள். பிள்ளைகளும் கூடவே வரையட்டும். முடிந்ததும் பெயர்களை மட்டும் அழித்துவிட்டுக் கேளுங்கள். மறுநாள் எதையும் காட்டாமல், நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் போதும். அப்புறம் சார்ட்டை எடுத்து மாட்டி, விட்டுப்போனதை அவர்களே வேறு நிறத்தில் சேர்க்கட்டும். கடைசியாக, வரைந்த படத்தைப் பார்த்து நான்கு வாக்கியம் எழுத வையுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் மதிப்பெண் அசையாது. தேர்வு வாக்கியமாகக் கேட்கிறது, படத்திலிருந்து வாக்கியத்துக்குப் போகும் பழக்கம் தானாக வராது.

பார்வைக் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நான் சொன்னவற்றில் பல மாறும். அது என் துறை இல்லை, உங்கள் ஒன்றியத்தின் சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். இங்கே நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் வெளிநாட்டில், பெரும்பாலும் சிறிய குழுக்களில், நம்மைப் போல் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்காரவைக்காத அறைகளில் நடந்தவை என்பதையும் மனதில் வையுங்கள். அதனால் உங்கள் வகுப்பிலேயே ஒரு தடவை சோதித்துப் பார்ப்பது நல்லது. ஏறக்குறைய ஒரே கடினமுள்ள இரண்டு பாடங்களை எடுத்து, ஒன்றை இப்போது நடத்தும் விதமாகவும், மற்றொன்றை வரைந்து, மறைத்து, எழுதவைக்கும் விதமாகவும் நடத்துங்கள். உடனே தேர்வு வைக்காமல் இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், 'ஏன்', 'எப்படி' என்று கேட்கும் நான்கு கேள்வி கொடுங்கள். வரும் விடைத்தாள்களில் யார் எங்கே நின்றுவிட்டார்கள் என்று எழுதி இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.